கொழுப்புச் சிதைவும் ஹார்மோன்களும்: கண்டறிந்த வரலாறு

கொழுப்புச் சிதைவு என்பது, கொழுப்பணுக்களில் சேமிக்கப்பட்டுள்ள டிரைகிளிசரைடு மூலக்கூறுகள் நொதிகளால் வெட்டப்பட்டு, கொழுப்பமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கும் நிகழ்வாகும். பட்டினி கிடக்கும்போதும், கடும் உடலுழைப்பின்போதும், குளிரிலும், அச்சத்திலும் இது விரைவடைகிறது. உணவு உண்ட பின் அடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துபவை இயக்குநீர்கள் என்றும் அழைக்கப்படும் ஹார்மோன்கள் ஆகும். சிதைவைத் தூண்டுவதில் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவையும், அதைத் தடுப்பதில் இன்சுலினும் முதன்மையானவை.

ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள, பருமன் இல்லாத ஒருவரின் உடலில் 12 முதல் 15 கிலோ வரை கொழுப்பு இருக்கும். ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி ஆற்றல் தருவதால், இந்தச் சேமிப்பின் மதிப்பு ஒரு இலட்சம் கிலோகலோரியைத் தாண்டும். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக உள்ள மாவுப்பொருள் இருப்போ சுமார் 2000 கிலோகலோரி மட்டுமே. எனவே நீண்ட பட்டினியில் உயிர் பிழைப்பது கொழுப்பை வெளியே எடுக்கும் திறனைப் பொறுத்தது. அதே கொழுப்பு கட்டுப்பாடின்றி வெளியேறினால் உயிருக்கே ஆபத்தாக முடியும். திறக்கவும் மூடவும் ஒருங்கே தெரிந்த இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய அறிவியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு விளக்கத்தை இடையில் திருத்தவும் நேர்ந்தது.

அசையாக் கிடங்கு என்ற எண்ணம்

கொழுப்பு எதனால் ஆனது என்பதை முதலில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிக்கேல் யூஜின் செவ்ரூல். விலங்குக் கொழுப்புகள் கொழுப்பமிலங்களும் கிளிசராலும் இணைந்தவை என்பதை அவர் 1823 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆனால் உடலுக்குள் இருக்கும் கொழுப்பு என்ன செய்கிறது என்ற கேள்வி அதன் பின்னரும் நெடுங்காலம் கவனம் பெறவில்லை. மிகுதியாக உண்டதைச் சேர்த்து வைக்கும் இடமாகவும், குளிரைத் தாங்கும் போர்வையாகவும், உறுப்புகளுக்கு மெத்தையாகவும் மட்டுமே கொழுப்புத் திசு கருதப்பட்டது. பஞ்சம் வந்தாலொழிய அந்தக் கிடங்கு திறக்கப்படுவதில்லை என்பதே பொதுவான கருத்தாக இருந்தது.

இக்கருத்தை அசைத்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்த ஹரால்ட் யூரேயும் அங்குதான் இருந்தார். ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பர்க்கும் ஆளிவிதை எண்ணெயில் டியூட்டீரியத்தைச் சேர்த்து, அடையாளமிட்ட அந்தக் கொழுப்பை எலிகளுக்கு உணவுடன் கொடுத்தனர். கொடுத்த அளவு மிகக் குறைவு. ஆகவே அது உடனே எரிந்து தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அதன் பெரும்பகுதி கொழுப்புத் திசுவில் காணப்பட்டது. உண்ட கொழுப்பு முதலில் கிடங்குக்குச் செல்கிறது, கிடங்கிலிருந்த பழைய கொழுப்பு அன்றாடத் தேவைக்கு வெளியேறுகிறது என்பது 1935 இல் வெளியான இந்த ஆய்விலிருந்து தெரிந்தது. எடை மாறாத உடலிலும் கொழுப்பு ஓயாமல் வந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஜெருசலேமுக்குக் குடிபெயர்ந்த எர்ன்ஸ்ட் வெர்த்தைமர், கொழுப்புத் திசு நரம்புகளாலும் ஹார்மோன்களாலும் ஆளப்படும் உயிர்ப்புள்ள திசு என்று வலியுறுத்தினார். இவரும் ஷபிரோவும் இணைந்து 1948 இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இரத்தத்தில் கொழுப்பின் தடம்

கொழுப்பு வெளியேறுகிறது என்றால் அது எந்த வடிவில் இரத்தத்தில் பயணம் செய்கிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கான விடை 1956 இல் மூன்று இடங்களிலிருந்து தனித்தனியே வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், பெதஸ்டாவிலுள்ள அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் இராபர்ட் கார்டன், அமீலியா செர்க்கஸ், சுவீடனில் சிகுர்ட் லாரெல் ஆகியோர் இரத்த நீர்மத்தில் தனிக் கொழுப்பமிலங்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். இவை நீரில் எளிதில் கரையாதவை; அல்புமின் என்னும் இரத்தப் புரதத்துடன் ஒட்டிக்கொண்டே பயணம் செய்கின்றன.

இரத்தத்தில் இவற்றின் அளவு மிகச் சிறியது. அதனால்தான் அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் இவை சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டு, அதே வேகத்தில் புதியவை வந்து சேர்கின்றன. இருப்பு சிறிதாயினும் நாள் முழுவதும் கடந்து செல்லும் மொத்த அளவு பெரிது. பட்டினியில் இவற்றின் அளவு உயர்ந்தது. குளுக்கோஸ் கொடுத்தவுடனோ இன்சுலின் செலுத்தியவுடனோ தாழ்ந்தது. அட்ரினலின் செலுத்தியபோது விரைவாக ஏறியது. ஹார்மோன்களுக்கும் கொழுப்பு வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு முதன்முறையாக அளக்கக்கூடிய எண்களாகக் கிடைத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் இச்சோதனை உடலுக்கு வெளியேயும் நடத்தப்பட்டது. எலியிடமிருந்து எடுத்த கொழுப்புத் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து அட்ரினலின் சேர்த்தபோது, அத்துண்டு கொழுப்பமிலங்களை வெளியிட்டது. மூளையோ நரம்போ கல்லீரலோ இடையில் இல்லை. ஹார்மோனின் கட்டளையைக் கொழுப்புத் திசுவே நேரடியாகப் புரிந்துகொள்கிறது என்பது இதனால் உறுதியானது.

இரண்டாம் தூதர்

அட்ரினலின் கொழுப்பணுவுக்குள் நுழைவதில்லை; கொழுப்பைத் தொடுவதும் இல்லை. அப்படியானால் வெளியே வந்து நிற்கும் ஹார்மோனின் செய்தி உள்ளே இருக்கும் நொதியை எட்டுவது எப்படி?

இதற்கான விடை கொழுப்பு ஆய்விலிருந்து வரவில்லை. கிளீவ்லாந்து நகரில் ஏர்ல் சதர்லாந்தும் தியோடர் ரால்லும் கல்லீரலில் கிளைக்கோஜன் சிதைவதை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் கல்லீரல் உயிரணுக்களை உடைத்து, மென்சவ்வுத் துகள்களைத் தனியாகவும் உள்நீர்மத்தைத் தனியாகவும் பிரித்தனர். உள்நீர்மத்தில் மட்டும் ஹார்மோனைச் சேர்த்தபோது பயன் ஏதும் இல்லை. மென்சவ்வுத் துகள்களுடன் ஹார்மோனைச் சேர்த்தபோது ஒரு சிறிய பொருள் உண்டானது. கொதிக்க வைத்தாலும் அதன் ஆற்றல் கெடவில்லை. அதை எடுத்து உள்நீர்மத்தில் இட்டபோது, ஹார்மோன் இல்லாமலே கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதி செயல்படத் தொடங்கியது. 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட அப்பொருளே சைக்ளிக் ஏஎம்பி. ஹார்மோன் முதல் தூதர் எனில் இது இரண்டாம் தூதர். சதர்லாந்துக்கு 1971 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரலில் கண்ட இந்தத் தூதர் கொழுப்புத் திசுவிலும் வேலை செய்கிறதா என்பதை ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மார்ட்டின் ரிசாக் ஆராய்ந்தார். அட்ரினலினுக்கு இணங்கும் கொழுப்புச் சிதைப்பு நொதி ஒன்று கொழுப்புத் திசுவில் உண்டு என்று அவர் 1961 இல் காட்டினார். சைக்ளிக் ஏஎம்பி அந்நொதியின் செயலை ஊக்குவிக்கிறது என்பதை 1964 இல் நிறுவினார். அதே காலத்தில் மார்த்தா வாகன், டேனியல் ஸ்டைன்பர்க் ஆகியோரும் இந்நொதியை ஆராய்ந்தனர். ஹார்மோனுக்கு இணங்கும் லைப்பேஸ் என்னும் பெயர் அதற்கு நிலைத்தது.

பல ஹார்மோன்கள், ஒரே பாதை

கொழுப்புத் திசுவில் கொழுப்பணுக்கள் மட்டுமல்லாமல், இரத்தக் குழாய்களின் உயிரணுக்களும் இணைப்புத் திசுவும் கலந்திருக்கும். கொழுப்பணுக்களை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் முறையை 1964 இல் வெளியிட்டவர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மார்ட்டின் ராட்பெல். எலியின் கொழுப்புத் திசுவைத் துண்டாக்கி, கொலாஜனேஸ் என்னும் நொதியில் ஊறவைத்தால் உயிரணுக்களைக் கட்டியிருக்கும் நார்கள் கரைந்துவிடும். பின்னர் கலவையைச் சுழற்றினால் கொழுப்பு நிறைந்த அணுக்கள் மேலே மிதக்கும். மற்றவை அடியில் படியும். அவ்வாறு பிரிக்கப்பட்ட அணுக்கள் உயிருடன் இருந்தன. இன்சுலினுக்கும் அட்ரினலினுக்கும் வழக்கம்போல் இணங்கின. எளிய இம்முறை இன்றுவரை ஆய்வகங்களில் கையாளப்படுகிறது.

எலியின் கொழுப்பணுவில் அட்ரினலின் மட்டுமன்றி, குளுக்ககான், பிட்யூட்டரிச் சுரப்பியின் ஏசிடிஎச் முதலிய வேறு பல ஹார்மோன்களும் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்துவது தெரிந்தது. ஒவ்வொரு ஹார்மோனுக்கும் தனி நொதி இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போது விளைவுகள் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆனால் அவ்வாறு கூடவில்லை. ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் வெவ்வேறானவை, அவை அனைத்தும் இயக்குவது ஒரே நொதியை என்று ராட்பெல்லும் லுட்ஸ் பிர்ன்பாமரும் முடிவு செய்தனர். ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே செய்தியை மாற்றிக் கொடுக்கும் ஓர் இடையீடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து உருவானது.

கல்லீரல் மென்சவ்வில் நடத்திய சோதனைகள் இதற்குத் தடயம் தந்தன. விலைக்கு வாங்கிய ஏடிபியில் மாசாகக் கலந்திருந்த ஜிடிபி என்னும் பொருள், ஹார்மோனின் செயலுக்கு இன்றியமையாதது என்று தெரியவந்தது. ஜிடிபியைப் பற்றிக்கொண்டு செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தை ஆல்பிரட் கில்மன் குழுவினர் பின்னர் பிரித்தெடுத்தனர். ராட்பெல்லும் கில்மனும் 1994 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சங்கிலியின் அடுத்த கண்ணி 1968 இல் கிடைத்தது. சைக்ளிக் ஏஎம்பி புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியைத் தூண்டுகிறது என்றும், அது பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அவற்றின் இயல்பை மாற்றுகிறது என்றும் எட்வின் கிரெப்ஸ் குழுவினர் காட்டினர். 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்மோனுக்கு இணங்கும் லைப்பேஸும் அவ்வாறே பாஸ்பேட் ஏற்கிறது என்பது தெரிந்தது. ஹார்மோன், ஏற்பி, ஜி-புரதம், சைக்ளிக் ஏஎம்பி, கைனேஸ், லைப்பேஸ் என்ற வரிசை முழுமை பெற்றுவிட்டதாகத் தோன்றியது.

இன்சுலின்: பூட்டும் கை

கொழுப்புச் சிதைவைத் தடுக்கும் ஆற்றல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை மருத்துவர்கள் இந்த ஆய்வுகளுக்கு முன்பே கண்ணால் கண்டிருந்தனர். இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவில் குழந்தைகள் எலும்பும் தோலுமாக மெலிந்தனர். கட்டுப்பாடின்றி வெளியேறும் கொழுப்பமிலங்களைக் கல்லீரல் கீட்டோன்களாக மாற்றுகிறது. அவை மிகும்போது மூச்சில் அசிட்டோன் மணம் வீசும். இரத்தம் அமிலத்தன்மை அடையும். நோயாளி நினைவிழந்து இறந்துபோவார். 1922 க்கு முன்பு இதற்கு மருந்து கிடையாது. கடும் உணவுக் குறைப்பால் சாவைச் சிறிது காலம் தள்ளிப்போட முடிந்தது, அவ்வளவே.

1922 சனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில், சுமார் 30 கிலோ எடையே இருந்த 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. 11 ஆம் தேதி கொடுத்த முதல் சாறு போதிய பயன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு 23 ஆம் தேதி முதல் கொடுக்கப்பட்டது. சிறுநீரில் சர்க்கரை பெரிதும் குறைந்தது, கீட்டோன்கள் மறைந்தன. அன்றைய மருத்துவர்களின் கவனம் சர்க்கரையின் மீதே இருந்தது. கீட்டோன்கள் மறைந்ததற்குக் காரணம், இன்சுலின் கொழுப்பணுக்களின் கதவை மூடியதே என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

1966 இல் பட்சரும் சதர்லாந்தும் உடன் பணியாற்றியோரும், இன்சுலின் கொழுப்புத் திசுவில் சைக்ளிக் ஏஎம்பியின் அளவைக் குறைக்கிறது என்று காட்டினர். பாஸ்போடைஎஸ்டரேஸ் 3பி என்னும் நொதியை இன்சுலின் தூண்டுகிறது. அந்நொதி சைக்ளிக் ஏஎம்பியை அழித்துவிடுகிறது என்பது பின்னர் தெளிவானது. தசைக்குள் சர்க்கரையைச் செலுத்தத் தேவைப்படுவதைவிடக் குறைந்த இன்சுலினே கொழுப்புச் சிதைவை அடக்கப் போதுமானது. இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரை உயர்ந்திருந்தும் கீட்டோன் நச்சு பெரும்பாலும் ஏற்படாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

பாடநூல் திருத்தப்பட்டது

1991 இல் கான்ஸ்டன்டைன் லாண்டோஸ் குழுவினர், கொழுப்பணுவிலுள்ள கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் பெரிலிப்பின் என்னும் புரதத்தை அறிவித்தனர். கைனேஸ் ஏ பாஸ்பேட் ஏற்றும் முக்கியப் புரதங்களுள் இதுவும் ஒன்று. மறு ஆண்டில், தூண்டப்பட்ட லைப்பேஸ் உயிரணுவின் நீர்மத்திலிருந்து துளியின் மேற்பரப்புக்கு இடம்பெயர்வதும் கண்டறியப்பட்டது. நொதியைத் தூண்டுவது மட்டும் போதாது, அது கொழுப்பை நெருங்கவும் வழிவிட வேண்டும் என்பது புரிந்தது. பெரிலிப்பின் இல்லாத சுண்டெலிகளில் தூண்டுதல் இல்லாத நேரத்திலும் கொழுப்பு சிதைந்துகொண்டே இருந்தது, அவை மெலிந்திருந்தன.

பெரிய வியப்பு 2000 ஆம் ஆண்டில் வந்தது. ஹார்மோனுக்கு இணங்கும் லைப்பேஸின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினர். கொழுப்பைச் சிதைக்கும் முதன்மை நொதி இல்லாவிட்டால் அவை கொழுத்துப் போக வேண்டும். ஆனால் கொழுக்கவில்லை. கொழுப்புச் சிதைவு குறைந்ததேயன்றி நிற்கவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழுவினர் 2002 இல் மேலும் ஒரு தடயத்தைக் கண்டனர். அந்தச் சுண்டெலிகளின் திசுக்களில் டைகிளிசரைடு குவிந்துகிடந்தது. அதாவது மூன்று கொழுப்பமிலங்களுள் முதலாவதை யாரோ வெட்டிவிட்டார்கள். இரண்டாவதை வெட்ட ஆளில்லை. நாற்பது ஆண்டுகளாக முதல் வெட்டுக்கு உரியதாகக் கருதப்பட்ட நொதியின் உண்மையான இடம் இரண்டாவது வெட்டு.

முதல் வெட்டை நிகழ்த்தும் நொதியைக் கிராஸ் குழுவினர் 2004 இல் கண்டறிந்து, கொழுப்புத் திசு டிரைகிளிசரைடு லைப்பேஸ் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் இரு ஆய்வுக் குழுக்களும் அதே புரதத்தை வேறு பெயர்களில் அறிவித்தன. இந்நொதி இல்லாத சுண்டெலிகளைப் பற்றிய அறிக்கை 2006 இல் வெளியானது. அவற்றின் பல உறுப்புகளில், குறிப்பாக இதயத் தசையில், கொழுப்பு குவிந்தது. குளிரைத் தாங்க முடியவில்லை. சில மாதங்களில் இதயம் செயலிழந்து இறந்தன. மனிதரில் இதே மரபணு பழுதுபட்டால் தசைகளில் கொழுப்பு தேங்கும் அரிய நோய் உண்டாகிறது என்பது 2007 இல் தெரியவந்தது.

இன்றைய விளக்கம்

இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள நிகழ்வு வரிசை பின்வருமாறு அமைகிறது. அட்ரினலின் அல்லது நார்அட்ரினலின், கொழுப்பணுவின் மென்சவ்விலுள்ள பீட்டா ஏற்பியில் அமர்கிறது. ஜி-புரதம் அச்செய்தியை அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதிக்குக் கடத்துகிறது. அந்நொதி ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்குகிறது. கைனேஸ் ஏ விழித்தெழுந்து பெரிலிப்பின் மீதும் ஹார்மோனுக்கு இணங்கும் லைப்பேஸ் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பெரிலிப்பின் அதுவரை பிடித்துவைத்திருந்த சிஜிஐ-58 என்னும் துணைப் புரதத்தை விடுவிக்கிறது. அது முதல் நொதியுடன் சேர்ந்து அதற்கு வலிமை தருகிறது. முதல் நொதி டிரைகிளிசரைடை டைகிளிசரைடாகவும், ஹார்மோனுக்கு இணங்கும் லைப்பேஸ் அதை மோனோகிளிசரைடாகவும், மூன்றாவதான மோனோகிளிசரைடு லைப்பேஸ் அதைக் கிளிசராலாகவும் ஆக்குகின்றன. வெளிவரும் மூன்று கொழுப்பமிலங்களும் அல்புமினுடன் சேர்ந்து தசைக்கும் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் செல்கின்றன. கிளிசராலைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிறது.

எலியில் கண்டவை அனைத்தும் மனிதருக்குப் பொருந்துவதில்லை. எலியின் கொழுப்பணுவில் வலுவாகச் செயல்படும் குளுக்ககான், மனிதக் கொழுப்பணுவில் குறிப்பிடத்தக்க விளைவை உண்டாக்குவதில்லை. மனிதரில் அட்ரினலினே இரு வகையாகப் பேசுகிறது. பீட்டா ஏற்பிகள் வழியாகச் சிதைவைத் தூண்டும் அது, ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாக அதைத் தடுக்கவும் செய்கிறது. இவ்விரு ஏற்பிகளின் விகிதம் உடலின் பகுதிக்கேற்ப மாறுகிறது. தொடை, இடுப்புப் பகுதிகளின் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைவிட மெதுவாகக் கரைவதற்கு இது ஒரு காரணம். இதயம் சுரக்கும் நாட்ரியூரெட்டிக் பெப்டைடு என்னும் ஹார்மோனும் மனிதக் கொழுப்பைச் சிதைக்கும் என்பதைப் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2000 இல் காட்டினர். அது சைக்ளிக் ஏஎம்பிக்கு மாறாகச் சைக்ளிக் ஜிஎம்பி வழியாக இயங்குகிறது.

சிதைவும் எரிப்பும்

கொழுப்புச் சிதைவும் கொழுப்பு எரிப்பும் ஒன்றல்ல. சிதைவு என்பது கிடங்கிலிருந்து பொருளை வெளியே எடுப்பது மட்டுமே. வெளிவந்த கொழுப்பமிலம் தசையிலோ இதயத்திலோ பிற உறுப்புகளிலோ ஆக்சிசனுடன் சேர்ந்தால்தான் எரிகிறது. எரிக்கத் தேவை இல்லாதபோது அதில் ஒரு பகுதி கொழுப்பணுவுக்கே திரும்பி மீண்டும் டிரைகிளிசரைடாகிறது. மற்றொரு பகுதி கல்லீரலில் சேர்கிறது. கொழுப்பைக் கரைப்பதாகக் கூறும் ஒரு பொருள், உண்மையிலேயே சிதைவைத் தூண்டினாலும், உடலின் ஆற்றல் செலவு உயராவிட்டால் எடை குறையாது. இரத்தத்தில் கொழுப்பமிலங்கள் நீடித்து உயர்ந்திருப்பது இன்சுலினின் செயலை மந்தப்படுத்துவதோடும் கல்லீரல் கொழுப்பு நோயோடும் தொடர்புடையது.

அசையாக் கிடங்கு என்று கருதப்பட்ட கொழுப்பணு, ஒவ்வொரு உணவு வேளைக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏற்பத் திறந்து மூடும் உறுப்பாக இன்று அறியப்படுகிறது. கதவு திறக்கவில்லை எனில் என்ன ஆகும் என்பதற்கு 2006 ஆம் ஆண்டின் சுண்டெலிகளும், மூட முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1922 க்கு முந்தைய நீரிழிவுக் குழந்தைகளும் சான்றாக உள்ளனர்.